வொலண்டியர்ஸ் எடுக்கிற கதை

அன்பின் சுகந்தி,

உன்ட மெசேஜ் கிடைச்சது, அம்மான்ட கண் ஒபரேஷன் நல்லபடியா முடிஞ்சது பெரிய நிம்மதிடி. இங்க எல்லாரும் சுகம்.

வெள்ளவத்தையில நாங்க தொடங்கின, மனக்கஷ்டத்தில இருக்கிறவை ஃபோன் எடுத்தா இருந்து கேக்கிற செண்டருக்கு வொலண்டியர்ஸ எப்பிடி எடுக்கிறம் எண்டு கேட்டனீ. படிப்ப நாங்க பெருசா பாக்கிறேல்ல, இங்க இதே வேலை செய்யிற சுமித்ரயோ அமைப்பே 1974ல இருந்து சாதாரண தொண்டர்களாலதானே நடக்குது, லண்டன்ல 1953ல சமாரிட்டன்ஸ் எண்ட அமைப்பு தொடங்கின அதே வழி. இன்டர்வியூவில ஒரு கேள்வி கேப்பம், மகன் ஒரு வருஷமா கதைக்கிறேல்ல எண்டு ஒரு தாய் ஃபோன்ல அழுறா, நீங்க முதல்ல என்ன சொல்லுவீங்க? கனபேர் உடனே கோயிலுக்குப் போங்க, மனச தைரியமா வச்சிருங்க எண்டு தொடங்கிடுவினம். ரிட்டயர் ஆன ஒரு போஸ்ட் ஒஃபீஸ் அக்கா மட்டும், அவ அழுது முடியட்டும், நான் லைன்ல இருப்பன் எண்டா. அவவ உடனே எடுத்தம். வீட்டில அண்மையில சாவு நடந்தவையள இப்ப எடுக்கிறேல்ல, கொஞ்ச காலம் போகட்டும் எண்டு அன்பா சொல்லுவம்.

ட்ரெய்னிங்ல பெரிய கஷ்டம் எது தெரியுமா, "எந்த ஊர்?" எண்டு கேக்காம இருக்கிறது! எங்கட சனத்துக்கு வாயில முதல் வாறதே அதுதானே, பிறகு யார்ர மகள், எந்தப் பள்ளிக்கூடம், எங்க வேலை எண்டு போகும், ரெண்டு நிமிஷத்தில ஆளைக் கண்டுபிடிச்சிடுவினம். வெள்ளவத்தையில ஒரு லேன்ல சொன்னது அடுத்த லேனுக்குப் போக எவ்வளவு நேரம்? புறக்கோட்டைக் கடையில நிக்கிற மலையகப் பிள்ளை ஒண்டு எடுத்தா, ஊர் கேட்டவுடன போனை வச்சிடும். அதால ரோல் ப்ளேயில அதையே திருப்பித் திருப்பிச் செய்யிறம், ஒராள் அழைக்கிறவர், ஒராள் கேக்கிறவர், மூண்டாவது ஆள் பாத்துச் சொல்லவேணும்.

அடுத்தது, சாகவேணும் போல இருக்கா எண்டு நேரா கேக்கப் பழக்குறது. கேட்டா அந்த எண்ணத்த நாங்களே குடுத்திடுவம் எண்டு எல்லாருக்கும் பயம், அப்பிடி இல்ல, கேட்டாத்தான் அந்தாள் மனம் திறக்கும். பொலிஸ் கேஸ் ஆகுமோ எண்டும் கேக்கினம், தற்கொலை முயற்சி குற்றம் எண்ட சட்டம் 1998லயே எடுபட்டிட்டு, ஆனா சனத்தின்ட பயம் இன்னும் போகேல்ல. ஆபத்து எண்டு தெரிஞ்சா தனிய சமாளிக்க விடமாட்டம், சுப்பர்வைசருக்குச் சொல்லவேணும், அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின்ட 1926 நம்பரையும் குடுக்கவேணும், அது இரவு பகல் வேலை செய்யுது.

ஷிஃப்ட் முடிஞ்சா ஒருத்தரையும் அப்பிடியே வீட்ட போக விடுறேல்ல, இருந்து கதைச்சிட்டுத்தான் போகவேணும், பெயர் விபரம் சொல்லாம. இத நான் கட்டாயமாக்கிட்டன்டி, கேக்கிறவரும் மனுசர்தானே.

நீ சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பு முகாம்கள்ல சனத்தோட இருந்தனீ, அந்த அனுபவம் இங்க ஒருத்தருக்கும் இல்ல. மார்கழி லீவில ஒரு சனி ஞாயிறு வந்து புது பட்ச்சுக்கு வகுப்பு எடுப்பியா? வீட்டிலயே தங்கலாம். எந்தக் கிழமை வசதி எண்டு சொல்லு, ஹோல் புக் பண்ணவேணும்.

அன்புடன்,
வாணி