குத்தகையை எழுதப் பயப்படுவதேன்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காவிரிப் படுகையில் குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். "இந்த வருஷம் நீ செய், அடுத்த வருஷம் பார்ப்போம்" என்பதோடு முடிந்துவிடும். சீட்டும் இல்லை, ரசீதும் இல்லை. குத்தகைதாரர் பெயர் கணக்கில் ஏறினால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று நிலத்துக்காரர் பயப்படுகிறார்.

அந்தப் பயம் வெறும் வதந்தியல்ல. தமிழ்நாட்டின் 1955-ஆம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, தானோ குடும்பத்தாரோ வயலில் இறங்கி உழைக்கும் குத்தகைதாரரைத் தவணை முடிந்தது என்பதற்காக மட்டும் வெளியேற்ற முடியாது. குத்தகை பாக்கி, நிலத்தைக் கெடுத்தல், பயிரிடாமல் போடுதல், உடைமையையே மறுத்தல் போன்ற காரணம் வேண்டும். 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் குத்தகைப் பதிவேட்டில் பெயர் ஏறினால் நிலத்தின் மீது அவர் பிடி இன்னும் இறுகும். பண்ணையார்கள் நினைத்தபோது ஆளை மாற்றிய காலத்துக்கு இந்தக் கவசம் தேவைப்பட்டது. இன்றும் அதைக் கழற்றக் கூடாது.

ஆனால் புதிதாக நிலத்தைக் குத்தகைக்கு விடுபவர் இதற்கு அஞ்சி ஆண்டுக்கொரு ஆளை மாற்றுகிறார், அல்லது தரிசாகப் போடுகிறார். அடுத்த போகம் தனக்கில்லை என்று தெரிந்தவர் பசுந்தாள் உரத்துக்காக ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாள் காத்திருந்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவாரா? வரப்பை வெட்டி அண்டை கட்டுவாரா? களர் நிலத்தைத் திருத்த ஜிப்சம் போடுவாரா? யூரியாவைக் கூட்டிப் போட்டு, அந்தப் போகத்தில் வருவதை எடுத்துக்கொண்டு போவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பணமும் அவர் கைக்கு வராது. கூட்டுறவுச் சங்கக் கடன், பயிர்க் காப்பீடு, நேரடி நெல் கொள்முதல் நிலையம் எல்லாவற்றுக்கும் சிட்டா (யார் பெயரில் எவ்வளவு நிலம் என்ற கணக்கு), அடங்கல் (வயலில் என்ன பயிர் என்ற கணக்கு) வேண்டும். நிலத்துக்காரர் தலையசைக்காமல் அடங்கலில் குத்தகைதாரர் பெயர் ஏறுவது அரிது. வெள்ளத்தில் பயிர் அழுகினால் நட்டவருக்கு நட்டம், பட்டாக்காரர் கணக்குக்கு நிவாரணம்.

ஆந்திரம் இதற்கு இரண்டு வழி பார்த்தது. 2011-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாளர் கையெழுத்து இல்லாமலே குத்தகைதாரருக்குக் கடன் அட்டை கொடுத்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அட்டை தர 11 மாத ஒப்பந்தமும் உரிமையாளர் கையெழுத்தும் கேட்கிறது. கையெழுத்துப் போட மறுப்பவரிடம் அந்த அட்டை நின்றுவிடும். 11 மாதம் சம்பாவுக்குப் போதும். மறுதாம்பு விடும் (வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும்) கரும்புக்குப் போதாது.

நமக்கு அடங்கலே போதும். அது பசலிதோறும் (வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டுதோறும்) புல எண் வாரியாக என்ன பயிர் என்று எழுதும் கணக்கு. பயிரிடுபவர் பெயரையும் போகத்துக்கு ஒருமுறை, வயலில் நின்று பார்த்து எழுத வேண்டும். 'இப்பதிவு குத்தகை உரிமைக்குச் சான்றாகாது' என்பதைச் சட்டத்திருத்தமாகவே கொண்டுவர வேண்டும். அரசாணை மட்டும் போதாது. அடங்கல் நாளை வழக்கில் சான்றாக வந்து நிற்கும் என்பது நிலத்துக்காரருக்குத் தெரியும். இந்தத் திருத்தத்துக்கு முன், பல ஆண்டுகளாக ஒரே நிலத்தை உழுபவர்களை ஊரிலேயே விசாரித்து 1969 சட்டப் பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும். இந்த வரிசை மாறினால் பழைய குத்தகைதாரர்களும் உரிமை தராத இந்தப் போகக் கணக்குக்குத் தள்ளப்பட்டு உரிமை இழப்பார்கள்.

இன்னொரு முடிச்சு, இறந்த தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டா. ஊரிலிருக்கும் ஒரு பேரன் குத்தகைக்கு விட, வெளியூர்ப் பங்காளி வந்து நடவைத் தடுப்பார். அங்கே எந்தச் சீட்டும் நிற்காது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பதிவு செய்த பாகப்பிரிவினை, பிறகு அளந்து உட்பிரிவோடு பட்டா மாறுதல் என்ற வரிசையில் இழுபடுவது நில அளவைப் பணிதான். நில அளவர் பணியிடங்களை முதலில் நிரப்புங்கள் என்று வருவாய்த் துறையை உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மன்னார்குடி வட்டார வாசகர்கள்