கொல்லைக் கோழிகளுக்கு ஆடி மாதத்திலும் ஒரு தடுப்பூசி முகாம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவிரிப் படுகைக் கிராமங்களில், அதிலும் திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் உட்பகுதிகளில், கொல்லையில் நான்கு பெட்டைக்கோழிகளும் அவற்றின் குஞ்சுகளும் மேயாத வீட்டை இன்றும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முட்டையை நம்பி இவற்றை யாரும் வளர்ப்பதில்லை. ஓர் ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும் நாட்டுக்கோழியிடம் முட்டை வருமானத்தை எதிர்பார்க்கவும் முடியாது. தீபாவளிக்கும் காணும் பொங்கலுக்கும் வீட்டுக் கறிச்சட்டிக்குப் போனது போக, மிஞ்சிய சேவல்களையும் விடைக்கோழிகளையும் உயிர் எடைக்கு வியாபாரியிடம் கொடுத்து, அந்தப் பணத்தைக் கணவரிடம் கணக்குச் சொல்லாமல் செலவழிக்கும் உரிமை பெண்களுக்கு இருக்கிறது என்பதே இவ்வளர்ப்பு நிலைத்திருப்பதற்குக் காரணம்.

இக்கோழிகளை மொத்தமாக வாரிக்கொண்டு போவது வெள்ளைக்கழிச்சல் என்று ஊரில் சொல்லப்படும் ராணிக்கெட் நோய். கோழி இரை எடுக்காமல் இறக்கையைத் தொங்கவிட்டு ஒதுங்கி நிற்கும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். அதையும் தாண்டிப் பிழைத்திருப்பவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் இந்நோய் புகுந்தால் பத்துக்கு ஒன்று தப்புவதே பெரிது. வைரஸால் வருகிற நோய் என்பதால், வந்த பிறகு கொடுப்பதற்கு மருந்து இல்லை. கீழாநெல்லி, மஞ்சள், மிளகு, சின்ன வெங்காயம் ஆகியவற்றை அரைத்து உருட்டிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. நோய் முற்றிய கோழியை அது எழுப்பி நிறுத்தியதை நான் கண்டதில்லை. ஆகவே முன்கூட்டியே தடுப்பூசி போடுவதைத் தவிர வேறு வழியில்லை என்பதில் கால்நடை மருத்துவர்களுக்கும் வளர்ப்பவர்களுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

தமிழ்நாடு அரசின் கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் இரு வாரங்களுக்கு, கோழிக்கழிச்சல் என்று அது குறிப்பிடும் இதே நோய்க்கான தடுப்பூசி முகாமை ஊர் ஊராக நடத்தி, இலவசமாகவே ஊசி போடுகிறது. அது நல்ல பணி. அதைக் குறை கூறுவதற்காக இக்கடிதத்தை எழுதவில்லை. ஆனால் கறிக்காகவே வளர்க்கப்படும் கோழி எப்போது பொரிக்கிறது, எப்போது விற்பனைக்குப் போகிறது என்பதை டெல்டாவின் வேளாண் நாட்காட்டியோடு வைத்துப் பார்த்தால், அந்த முகாமில் ஊசி போட்டுக்கொள்ளும் வாய்ப்பு அதற்கு வருவதே இல்லை என்பது தெரியவரும்.

தை மாதத்தில் சம்பா அறுவடை முடிந்ததும் வயலில் உதிர்ந்த நெல், களத்தில் தூற்றிய பதர், கருக்காய் எல்லாம் கோழிகளுக்குத் தாராளமாகக் கிடைக்கின்றன. அந்த இரையில் தேறிய பெட்டைகள் மாசியில் முட்டையிட்டு, பங்குனியில் அடை உட்காருகின்றன. அடைக்காலம் 21 நாட்கள். சித்திரை, வைகாசியில் குஞ்சுகள் வெளிவருகின்றன. நாட்டுக்கோழி ஒன்றேகால், ஒன்றரை கிலோ எடைக்கு வர ஐந்தாறு மாதங்கள் ஆகும் என்பதால், அக்குஞ்சுகள் விற்பனைப் பருவத்தை எட்டுவது ஐப்பசியில். புரட்டாசி முழுவதும் கறி வாங்குவோர் குறைந்திருக்க, தீபாவளியை எதிர்பார்த்துக் கோழியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் அந்த நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்கி, கூடு நனைந்து, நோயும் வருகிறது. பிப்ரவரி முகாம் நடந்தபோது இக்கோழிகள் முட்டையாகக்கூட இருக்கவில்லை. அடுத்த முகாம் வரும்போது இவற்றுள் பெரும்பாலானவை உயிரோடு இருக்கப்போவதில்லை. மூன்று நான்கு ஆண்டுகள் கொல்லையில் இருக்கும் தாய்க்கோழிக்கு ஆண்டுக்கொரு முறை என்ற ஏற்பாடு பொருந்தும். தடுப்பூசி போட்ட தாயின் எதிர்ப்பாற்றல் முட்டை வழியாகக் குஞ்சுக்கும் இறங்குகிறது என்பது உண்மையே. எனினும் அது முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குமேல் தாங்குவதில்லை.

கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டுபோனால் பிற நாட்களிலும் ஊசி போடப்படுமே என்று கேட்கலாம். ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போகலாம். பன்னிரண்டு கோழிகளின் காலைக் கட்டி, கூடையில் வைத்து, வெயிலில் நகரப் பேருந்தில் ஏறிப் போகச் சொல்வது நடைமுறைக்கு ஒத்ததன்று. கடையில் மருந்தை வாங்கி நாமே போட்டுக்கொள்ளலாம் என்றால் அதிலும் சிக்கல் இருக்கிறது. உறைநிலையில் உலர்த்திய தடுப்பு மருந்து நூறு, இருநூறு கோழிகளுக்கான குப்பிகளாகவே பெரும்பாலும் விற்கப்படுகிறது. அதை வாங்கியது முதல் குளிர்நிலையில் வைத்திருக்க வேண்டும். கரைத்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பத்துக் கோழி வைத்திருப்பவர் மீதித் தொண்ணூறு கோழிகளுக்கான மருந்தை வாய்க்காலிலா ஊற்றுவார்? ஒரு தெருவே சேர்ந்து ஒரே காலையில் போட்டுக்கொண்டால்தான் இந்தக் குப்பிக் கணக்கு சரிவரும். அப்படித் தெருவைச் சேர்க்கும் வேலையைத்தான் முகாம் செய்கிறது.

எனவே பிப்ரவரி முகாமைப் போலவே ஆடி மாதத்தில், அதாவது ஜூலை இறுதியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ, டெல்டா மாவட்டங்களுக்கு மட்டுமாவது இன்னொரு சுற்று நடத்தப்பட வேண்டும் என்பதே என் கோரிக்கை. இறக்கையின் தோலுக்கடியில் போடப்படும் வழக்கமான ஊசியை எட்டு வார வயதுக்குக் குறைந்த குஞ்சுகளுக்குப் போடுவதில்லை. சித்திரையில் பொரித்தவை ஆடியில் அந்த வயதைக் கடந்திருக்கும். மழைக்கு இன்னும் இரண்டு மாதங்களுக்கு மேல் இருப்பதால் எதிர்ப்பாற்றல் உருவாகவும் போதிய அவகாசம் கிடைக்கும். அதே சுற்றில், பின்னால் பொரித்த சிறு குஞ்சுகளுக்குக் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்தையும் கொண்டுவந்தால், ஒரே வருகையில் இரண்டு வேலையும் முடிந்துவிடும்.

முகாம் நடக்கும் நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மருத்துவக் குழு ஊருக்குள் வரும்போது பெரும்பாலும் முற்பகல் பத்து மணி ஆகிவிடுகிறது. அதற்குள் கோழிகள் கூட்டைவிட்டு இறங்கி, மூங்கில் கொத்துக்கும் வயல் வரப்புக்கும் போய்விடுகின்றன. அவற்றைப் பிடித்துத் தர வேண்டிய பெண்கள் நூறு நாள் வேலைக்கோ நடவுக்கோ போய்விடுகிறார்கள். கோழிகளை மூடிவைத்த பஞ்சாரத்தைத் தூக்குவதற்கு முன், காலை ஆறு மணிக்கே வந்தால் ஒரு தெருவை ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம். முந்தைய நாள் மாலையில் ஒலிபெருக்கியில் அறிவித்து, ‘நாளை கூட்டைத் திறக்காதீர்கள்’ என்று சொல்லிவிட்டாலே போதும். அலுவலர்களுக்கு அது சிரமமான நேரம் என்பதை அறிவேன். கண் சொட்டு மருந்து விடுவதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. மகளிர் குழுக்களில் ஊருக்கு இருவருக்குப் பயிற்சி அளித்தால் அந்த வேலையையாவது அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின்கீழ் ‘பசு சகி’ என்ற பெயரில் கிராமப் பெண்களைக் கால்நடைப் பணிக்குப் பழக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. கையில் பிடிபடாத கோழிகளுக்காகவே, தீவனத்தோடு கலந்து கொடுக்கக்கூடிய வாய்வழித் தடுப்பு மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. ஊசி போட முடியாத கொல்லைகளுக்கு அதையாவது கொண்டு சேர்க்கலாம்.

ஊசியைப் பற்றி ஊரில் நிலவும் அச்சத்தையும் முகாமிலேயே பேசித் தீர்க்க வேண்டும். ‘ஊசி போட்டார்கள், மூன்றாம் நாள் கோழி செத்துவிட்டது’ என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. நோய்க் கிருமி ஏற்கெனவே உடலுக்குள் புகுந்து, அறிகுறி வெளிப்படாத நிலையில் இருந்த கோழிக்கு ஊசி போட்டால் அது சாகத்தான் செய்யும். பக்கத்துத் தெருவில் கோழிகள் விழத் தொடங்கிய பிறகு அவசரமாக ஓடிவந்து போட்டுக்கொள்பவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. சோர்ந்திருக்கும் கோழிக்குப் போடக்கூடாது என்பதையும், ஊசிக்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிடுவது நல்லது என்பதையும் இரண்டு நிமிடம் விளக்கிச் சொன்னால் பாதி அச்சம் தீரும். இன்னொரு பக்கம், வெள்ளைக்கழிச்சலில் ஒரே இரவில் ஐந்தாறு கோழி செத்துக்கிடந்தால், வயலில் குருணைப் பூச்சிமருந்து போட்டவர்மீதும் எலிக்கு விஷம் வைத்தவர்மீதும் பழி விழுந்து, வரப்புச் சண்டை காவல் நிலையம் வரை போவதும் டெல்டாவில் புதிதில்லை. விஷத்தாலும் கோழிகள் சாவது உண்டுதான். ஆனால் சாவு நாள்கணக்கில் நீண்டு, கழிச்சலும் கழுத்துத் திருகலும் காணப்பட்டால் அண்டை வீட்டாரைக் குற்றம் சொல்வதற்கு முன் மருந்தகத்தில் காட்டுவது நல்லது.

நோய் கண்டதும் மற்றவற்றையாவது காசாக்கிவிடலாம் என்று வாரச் சந்தைக்குக் கொண்டுபோகும் வழக்கத்தையும் நாம் விட வேண்டும். இருசக்கர வாகனத்தில் கூடை கட்டி வரும் வியாபாரி, ஓர் ஊரில் வாங்கிய கோழிகளோடு அடுத்த ஊருக்குள் நுழையும்போது நோயையும் கூடவே கொண்டுவருகிறார். செத்த கோழியை வாய்க்காலில் எறிந்தால் தண்ணீர் போகும் இடமெல்லாம் அதுவும் போகும். ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைப்பதற்குக் கால் மணி நேரம்கூட ஆகாது.

நாட்டுக்கோழி வளர்ப்பை ஊக்குவிக்க அரசு மானியத்தில் குஞ்சுகளும் கொட்டகையும் தருகிறது. வரவேற்கிறேன். ஆயினும் கொடுத்த குஞ்சுக்கு அடுத்தடுத்த தடுப்பூசி யார் பொறுப்பில், எந்தத் தேதியில் என்பது பயனாளியின் கையில் எழுதித் தரப்படாவிட்டால், அந்த மானியத்தின் பெரும்பகுதி முதல் மழையோடு மண்ணுக்குள் போய்விடும். புதிய குஞ்சுகள் வாங்குவதற்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கு, வட்டத்திற்கு ஓர் ஆடி மாதச் சுற்றை நடத்துவதற்குப் போதும் என்றே நினைக்கிறேன். மாவட்ட நிர்வாகங்கள் வரும் ஆடிக்கு முன்பே தேதிகளை முடிவு செய்து, ஊராட்சி அலுவலகப் பலகைகளிலும் நியாய விலைக் கடைகளிலும் எழுதி ஒட்ட ஏற்பாடு செய்யுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கொல்லையில் கோழி வளர்க்கும் வாசகி,
மன்னார்குடி வட்டம்.