கன்னுக்குட்டி நிறம் மாறுவது பரிணாமமா?

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன வாரம் பத்தாம் வகுப்பில் மரபியல் பாடம் தொடங்கிய அன்று நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பாடம் பாதி போய்க்கொண்டிருக்கும்போது ஒரு பையன் எழுந்தான். "டீச்சர், எங்க கன்னுக்குட்டி செவலையாத்தான் பொறந்துச்சுங்க. இப்ப ஆறு மாசத்துல மயிலையா மாறிட்டிருக்குது. இதுதான் பரிணாமமுங்களா?"

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, வீட்டில் காங்கேயம் மாடு இருப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். பதினொரு கை. அப்புறம் மீதி நேரம் முழுக்கக் கட்டுத்தறிப் பேச்சுதான். காங்கேயம் கன்று பெரும்பாலும் செவலையாகப் பிறந்து சாம்பல் நிறத்துக்கு மாறும். அப்படி மாற வேண்டும் என்பது தாய்ப்பசுவும் காளையும் கொடுத்த மரபணுவிலேயே இருக்கிறது. அது வளர்ச்சி. ஒரே மாடு தன் ஆயுளுக்குள் மாறுவது பரிணாமம் ஆகாது. மந்தை முழுவதும் தலைமுறை தலைமுறையாக மாறுவதுதான் பரிணாமம். உடனே ஒரு பெண் கேட்டாள்: "அப்ப காளைக்கு மட்டும் திமிலும் கழுத்தும் ஏனுங்க கறுக்குது? காயடிச்ச எருது சாம்பலாவே நிக்குதே?" மரபணு இருந்தால் மட்டும் போதாது, அது வேலை செய்ய உடம்பில் தோது வேண்டும்; காயடித்தால் ஆண் சுரப்பு நின்றுபோகிறது என்று டீச்சர் சொன்னார். நான் பல வருடம் விலங்கியல் நடத்தியவன். இதைவிட நல்ல கேள்வி கேட்ட வகுப்பை அதிகம் பார்த்ததில்லை.

இந்தக் கடிதம் எழுதக் காரணம் இருக்கிறது. போன பெற்றோர் கூட்டத்தில் சிலர், "மரபியல், பரிணாமம் எல்லாம் மார்க்குக்கு மனப்பாடம் பண்ணினால் போதாதா சார்?" என்று கேட்டீர்கள். போதாது. உயிரியலில் மற்ற பாடங்கள் எல்லாம் இந்த இரண்டின் மேல்தான் நிற்கின்றன. இலை ஏன் அப்படி, பல் ஏன் அப்படி, நோய் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று எதைக் கேட்டாலும் விடை இங்கேதான் வந்து சேரும்.

1859-இல் டார்வின் இயற்கைத் தேர்வைப் பற்றி, அதாவது பிழைக்கத் தோதான குணம் உள்ளவை அதிகம் பெருகுவதைப் பற்றி எழுதியபோது, பெற்றோரின் குணம் பிள்ளைக்கு எப்படிப் போகிறது என்பது அவருக்குத் தெரியாது. அதே காலத்தில் மெண்டல் என்ற துறவி மடத்துத் தோட்டத்தில் பட்டாணியை எண்ணிக்கொண்டிருந்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்த ஒரு சோதனையில், பேரத் தலைமுறையில் 5,474 உருண்டை விதை, 1,850 சுருங்கிய விதை. மூன்றுக்கு ஒன்று. 1866-இல் அச்சான அந்தக் கட்டுரையை 1900 வரை யாரும் சரியாகக் கண்டுகொள்ளவில்லை. இருவர் சொன்னதும் ஒன்றுசேர்ந்த பிறகுதான் உயிரியல் இன்றைய உயிரியல் ஆனது. பிள்ளைகளும் இரண்டு பாடத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. நாம் கரும்பை விதை போட்டு வளர்ப்பதில்லை, கரணை நடுகிறோம். கரணையில் வருவது தாய்க்கரும்பின் நகல்தான். புது ரகம் வேண்டுமானால் கரும்பு பூக்க வேண்டும். கோவையில் அது நன்றாகப் பூக்கும். 1912-இல் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தை அங்கே வைத்ததற்கு அது முக்கியமான காரணம். அங்கே விஞ்ஞானிகளாக இருந்த பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் சேர்ந்து, 'வெள்ளை' என்ற தித்திப்பான கரும்பை ஓடைக்கரை நாணலோடு இனக்கலப்பு செய்தார்கள். ஒன்றிலிருந்து இனிப்பு, மற்றதிலிருந்து வறட்சியையும் குளிரையும் தாங்கும் தெம்பு. அப்படி வந்த கோ 205, 1918-இல் பஞ்சாப் வயல்களுக்குப் போனது. அந்தக் 'கோ' நம் கோயம்புத்தூர்தான். பிறகு தாவரவியல் விஞ்ஞானி ஜானகி அம்மாள் அங்கேயே கரும்பின் குரோமோசோம்களை, அதாவது மரபணுக்களைத் தாங்கும் இழைகளை ஆராய்ந்தார். இதைச் சொன்னால் நம் பெண் பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்க்கிறேன்.

பருத்தி போட்டவர்களுக்கு இன்னொன்று தெரியும். காய்ப்புழுவைக் கொல்லும் விஷத்தைச் செடியே உண்டாக்கும் பி.டி. பருத்தி 2002-இல் வந்தபோது, அந்த விதைப் பையோடு சாதாரண விதைப் பொட்டலம் ஒன்றும் வந்தது. ஓரத்தில் நடச் சொன்னார்கள். பலர் நடவில்லை. அந்த ஓரத்துச் செடியில் பிழைக்கும் புழு, விஷத்தைத் தாங்கிய புழுவோடு கலந்தால் தாங்கும் குணம் மந்தமாகத்தான் பரவும். ஓரம் இல்லாமல் போனால் தாங்கியதும் தாங்கியதும் மட்டுமே சேர்ந்து பெருகும். சில வருடங்களிலேயே குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு அந்த விஷம் உறைக்காமல் போனது. அதுவும் பரிணாமம்தான், நம் கண் முன்னால் நடந்தது.

'குரங்கிலிருந்து மனிதன் வந்தான்' என்று சொல்லித் தருகிறோமா என்று ஒரு அப்பிச்சி கேட்டார். இல்லைங்க. இன்றைய குரங்கும் நாமும் பங்காளிகள் மாதிரி. ரொம்பப் பின்னால் போனால் மூதாதை ஒருவர். பங்காளி நமக்குத் தாத்தா ஆக மாட்டார். இந்தப் பாடத்தால் யாருடைய கோயிலுக்கும் சாமிக்கும் ஒரு குறையும் வராது.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறோம்: வீட்டு மாடு, ஆடு, கோழியின் மூன்று தலைமுறை வம்சம். மனிதர்களுடையது வேண்டாம். முன்பு நான் அம்மா அப்பாவுக்கு நாக்கு உருட்ட வருகிறதா என்று எழுதி வரச் சொல்வேன். பெற்றோர் இருவருக்கும் வராதது தனக்கு மட்டும் வருகிறதே என்று ஒரு பெண் அழுதாள். அது ஒரே மரபணுவால் வருவதே இல்லை, அச்சு அசலான இரட்டையரில்கூட ஒருவருக்கு வரும், ஒருவருக்கு வராது என்று பிறகுதான் படித்தேன். அந்தப் பிள்ளையின் அழுகை இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோர் காதிலும் விழும்படி பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். தாய் எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான் தருகிறாள். தந்தையிடமிருந்து எக்ஸ் வந்தால் பெண், ஒய் வந்தால் ஆண். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது நம் பக்கத்துச் சேலத்தில்தான். பெண் பிறந்ததென்று மருமகளைக் குறை சொன்ன வீடுகளை நான் அறிவேன்.

ஐப்பசிக்கு மேல், கரும்பு பூக்கும் சமயத்தில், கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போக அனுமதி கேட்டிருக்கிறோம். கிடைத்ததும் சம்மதச் சீட்டு வரும். அதற்கு முன், உங்கள் பட்டியில் புதுக்கன்று இருந்தால் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கேள்வி கேட்ட பையனின் கன்றுக்கு முதுகில் இன்னும் கொஞ்சம் செவலை மிச்சம் இருக்கிறதாம். வீடு பள்ளிக்கு அடுத்த தெருதான். திங்கட்கிழமை கடைசிப் பாடவேளையில் வகுப்பே நடந்து போகிறது. பிள்ளைகள் வீடு திரும்பக் கால் மணி நேரம் தாமதமாகலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்