ஒவ்வொரு எண்ணுக்கும் பக்க எண் எழுதியவருக்கு

அன்பு நண்பர்களுக்கு,

ஒரு கேள்விக்கு இதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தேடித் தொகுக்கும் எங்கள் ரிவ்யூ முடிந்துவிட்டது. நேற்று இரவு கடைசிக் கோப்பையும் அனுப்பிவிட்டோம். எங்கள் பக்கம் ஆளும் நேரமும் இல்லாமல் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றுபோனது உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்பவும் எழுத மனம் வரவில்லை. கைகொடுத்தவர்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பாம்புக்கடிக்கு ஏ.எஸ்.வி. என்ற விஷமுறிவு மருந்தை ஏற்றும்போது வரும் ஒவ்வாமையைத் தடுக்க முன்கூட்டியே என்ன மருந்து கொடுக்கலாம் என்பதுதான் எங்கள் கேள்வி. இது நம் ஊர்க் கேள்வி. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருப்பார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் பதிலைத் தேடிப் போனால் இலங்கைக்கும் பிரேசிலுக்கும் போக வேண்டியிருக்கிறது. இலங்கையில் 1007 நோயாளிகளை வைத்து நடந்த பரிசோதனை, யாரும் காசில்லாமல் படிக்கக்கூடிய இதழில் 2011இல் வந்தது. குறைந்த அளவு அட்ரினலின் கொடுத்தபோது, முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான ஒவ்வாமை 43% குறைந்திருந்தது. மற்ற இரண்டு மருந்துகளான ஹைட்ரோகார்டிசோனும் ப்ரோமெதசினும் அப்படிப் பலன் தரவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப் பணியில் இருக்கும் டாக்டர்கூட இதைக் கைப்பேசியில் படித்துவிடலாம். பிரேசில் ஆய்வுகளுக்கும் பூட்டு எதுவும் இல்லை. லைலாக்ஸ், சைலோ என்ற லத்தீன் அமெரிக்க இணையத் தரவுத்தளங்களில் திறந்தேதான் கிடந்தன. ஆனால் பல போர்ச்சுகீஸில் இருந்தன.

'ஆங்கிலக் கட்டுரைகள் மட்டுமே சேர்க்கப்பட்டன' என்று ஒரு வரி பல ரிவ்யூக்களில் இருக்கும். ஆளும் நேரமும் இல்லாத அந்த நிலையில் எங்களுக்கும் அந்த வரியை எழுதுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அப்போதுதான் சாவோ பாவ்லோவிலிருந்து ஒரு நூலகர் எழுதினார். அதற்கு முன் எங்களுக்கு அவரைத் தெரியாது. "கட்டுரைகளை அனுப்புங்கள், படித்துத் தருகிறேன்." கடிதமே அவ்வளவுதான்.

அவர் திருப்பி அனுப்பிய எக்செல் ஷீட்டைத் திறந்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எந்தப் பக்கத்தில், எந்த அட்டவணையில் இருக்கிறது என்ற குறிப்பு. அடுத்த கட்டத்தில் மூலத்தின் போர்ச்சுகீஸ் வாக்கியம் அப்படியே. அதற்கடுத்து அவருடைய ஆங்கிலம். கடைசியில் ஒரு குறிப்பு: "நான் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், நீங்களும் சரிபாருங்கள்." கூடவே, மருத்துவ அட்டவணைகளில் வழக்கமாக வரும் சொற்களுக்கு ஒரு சிறு பட்டியலும் போட்டுத் தந்திருந்தார். தரவை இரண்டு பேர் தனித்தனியாக எடுத்து ஒப்பிட வேண்டும் என்பது இந்த வேலையின் அடிப்படை விதி. எங்களிடம் போர்ச்சுகீஸ் படிக்க இரண்டாவது ஆள் எங்கே? அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு எங்கள் முதுகலை மாணவி இரண்டாவது ஆளாக உட்கார்ந்தாள். எண்களை அவளே எடுத்தாள், ஒப்பிட்டாள், ஒரு இடத்தில் அவரிடம் கேள்வியும் கேட்டாள். "நல்ல கேள்வி" என்று அவர் பதில் எழுதிய நாளில் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் செய்தார். எங்கள் பட்டியலில் இருந்த ஒரு ஆய்வேடும் ஒரு கட்டுரையும் ஒரே நோயாளிகளைப் பற்றியவை என்று கண்டுபிடித்துச் சொன்னார். தலைப்பு வேறு, ஆசிரியர் வரிசை வேறு, நோயாளி எண்ணிக்கைகூட வேறு. இரட்டைப் பதிவுகளை நீக்கும் மென்பொருளுக்கு இது அகப்படாது. அவரோ ஆய்வேட்டின் முன்னுரை வரை படித்து, மருத்துவமனையும் மாதங்களும் பொருந்துவதைப் பார்த்திருக்கிறார். இது சின்ன விஷயம் இல்லை. வாந்தியை நிறுத்தும் ஒண்டன்செட்ரான் மருந்தில் ஒரே நோயாளிகளின் தரவு வேறு வேறு கட்டுரைகளாக வெளிவந்திருந்ததை 1997இல் ஒரு ஆய்வு காட்டியது. அவற்றையெல்லாம் சேர்த்து எண்ணினால் மருந்தின் பலன் 23% கூடுதலாகத் தெரியும்.

நன்றியுரையில் பெயர் போட்டால் போதும் என்றார். நாங்கள் விடவில்லை. தரவு எடுத்தார், வரைவைத் திருத்தினார், இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்தார், பொறுப்பும் ஏற்றார். மருத்துவ இதழ்கள் ஆசிரியர் என்பதற்குச் சொல்லும் நான்கு நிபந்தனையும் நிறைவேறிவிட்டன. நம்மைப் போன்ற வளரும் நாடுகளின் உழைப்பு நன்றியுரைக்குள்ளேயே அடங்கிப்போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் கட்டுரையில் அது நடக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். அவர் பெயர் ஆசிரியர் வரிசையில் மூன்றாவதாக இருக்கிறது.

மற்றவர்களையும் சொல்லியாக வேண்டும். எங்களுக்குச் சந்தா இல்லாத எம்பேஸ் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தில் எங்களுக்காகத் தேடிக் கொடுத்தவர், ராத்திரி பதினொரு மணிக்கு, புள்ளியியல் கணக்குக்கு ஆர் என்ற கணினி மொழியில் நாங்கள் எழுதிய நிரலைப் பார்த்துப் பிழை சொன்னவர், கூட்ட நேரத்தை லண்டன் கடிகாரத்திலிருந்து நம் கடிகாரத்துக்கு மாற்றச் சொல்லி வாதாடியவர், எல்லோருக்கும் நன்றி. பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் மெட்டாஃபோர் என்ற மென்பொருள் இலவசமாக இல்லாவிட்டால் எங்கள் கணக்கு ஒன்றும் நடந்திருக்காது. மருத்துவ ரிவ்யூக்களின் இணையத் தொகுப்பான காக்ரேன் நூலகத்தை இந்தியாவில் எவரும் படிக்கலாம் என்று 2007இல் வழி செய்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கும் (ஐ.சி.எம்.ஆர்.) கடன்பட்டிருக்கிறோம்.

சரி, இனி எங்கள் முறை. தரவு ஷீட், நிரல், அந்தச் சொற்பட்டியல் மூன்றையும் யாரும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைத்துவிட்டோம். இனிமேல் எங்கள் குழு எடுக்கும் எந்த எண்ணும் பக்க எண் இல்லாமல் ஷீட்டில் ஏறாது. அப்புறம், உங்கள் ரிவ்யூவில் தமிழிலோ மலையாளத்திலோ ஆய்வேடு, அரசு அறிக்கை ஏதாவது மாட்டினால் ஒதுக்கிவிடாதீர்கள், எங்களுக்கு அனுப்புங்கள். தமிழை நான் பார்க்கிறேன், மலையாளத்துக்கு எங்கள் மாணவி இருக்கிறாள். இந்த மாதமே தொடங்கத் தயார்.