குணாவுக்கு, புஷ்பா அக்கா விஷயமாக

கோலாலம்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள குணா,

அம்மா எப்படி இருக்கிறார்? முட்டியில் போட்ட ஊசி பலன் கொடுத்ததா? நீ அனுப்பிய ஜாதிக்காய் ஊறுகாய் வந்து சேர்ந்தது, தீபன் 2 நாளில் காலி செய்துவிட்டான். இன்னொரு பொட்டலம் அனுப்பு, இந்த முறை அவன் கண்ணில் காட்டமாட்டேன். நீ மறுபடியும் உடம்பு போட்டிருக்கிறாய் என்று படத்திலேயே தெரிகிறது. நாசி கண்டார் கடைப் பக்கம் போவதைக் கொஞ்சம் குறைடா. அம்மாவுக்கு பத்தியச் சாப்பாடு, உனக்கு மட்டும் மூன்று குழம்பு கலந்த சோறா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஃபோனில் சொல்லலாம் என்று 3 தடவை உன்னைக் கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் "என்னடா குரல் ஒரு மாதிரி இருக்கு" என்று நீ கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

போன தீபாவளிக்கு அப்புறம் புஷ்பா அக்கா ஏன் நம் தன்பாலின, திருநர் நண்பர்கள் குழுவின் கூட்டங்களுக்கு வருவதில்லை என்று நீ கேட்டாய். சுகர், கால் புண், அலைய முடியவில்லை என்று சொன்னேன். அது பொய். அக்காவை இனி வரவேண்டாம் என்று நாங்கள் சொல்லிவிட்டோம். போலீசுக்குத் தகவல் சொல்கிறவர் என்று முடிவுகட்டி அனுப்பினோம். அக்காவைக் குழுவுக்குக் கையைப் பிடித்து அழைத்து வந்தவன் நீ. உன்னிடம் மறைத்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். பங்சாரில் அந்த 14வது மாடி வீட்டில்தான் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு. அக்கா காலை 8 மணிக்கே வந்துவிட்டார். மலாய் நண்பர்களும் சாப்பிட வேண்டும் என்று சௌக்கிட் சந்தையில் ஹலால் ஆட்டிறைச்சி வாங்கி, அவருடைய அம்மாவின் பித்தளை அண்டாவை கிராப் காரில் ஏற்றிக்கொண்டு வந்து, 40 பேருக்குச் சமைத்தார். இரவு 11 மணிக்குப் போலீஸ் வந்தது. கரோக்கே ஓடிக்கொண்டிருந்தது. யாரையும் பிடிக்கவில்லை. ஐசியை, அடையாள அட்டையை, வாங்கி எழுதிக்கொண்டு அரை மணி நேரத்தில் போய்விட்டார்கள். ஆனால் அந்த அரை மணி நேரம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். நம் மலாய் நண்பர்கள் 2 பேர் பின்பக்கப் படிக்கட்டில் 14 மாடியும் செருப்பில்லாமல் இறங்கி ஓடினார்கள். நமக்கு ஒரு சட்டம் என்றால், முஸ்லிம்களான அவர்களுக்கு அதோடு ஷரியா சட்டமும் இருக்கிறது. 2018 ஆகஸ்டில் நம் ஆட்கள் போகிற புளூ பாய் கிளப்பில் போலீஸ் சோதனை நடந்த பிறகு அவர்கள் எத்தனை மாதம் வெளியே வராமல் இருந்தார்கள் என்று நீயும் பார்த்தாய். அந்தப் பயம் நிஜமானது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

உள்ளே வந்த போலீஸ்காரர்களில் ஒருவர் சமையலறை வாசலில் நின்ற அக்காவைப் பார்த்து, "ஏய் புஷ்பா, லு புன் அடா சினி கா?" என்றார். நீயும் இங்கேதான் இருக்கிறாயா என்று, ரொம்ப நாள் பழகியவரிடம் கேட்பதுபோல. அந்த ஒரு வரிதான் சாட்சி, குணா. வேறு எதுவும் இல்லை.

சௌக்கிட்டில் 20 வருஷமாக இருக்கிற ஒரு திருநங்கையின் பெயர் அந்த வட்டாரப் போலீஸ்காரருக்கு எப்படித் தெரிந்தது என்று எங்களில் ஒருவராவது யோசித்திருக்க வேண்டும். அக்கா முஸ்லிம் இல்லை, ஷரியா அதிகாரிகள் தொட முடியாது. அவரைப் பிடிப்பதற்கென்று இருப்பது 1955ஆம் ஆண்டுச் சிறு குற்றச் சட்டத்தின் 21வது பிரிவு, அநாகரிக நடத்தை. முதல் தடவைக்கு அபராதம் அதிகபட்சம் 25 வெள்ளிதான். அதற்காக ராத்திரி முழுக்க ஆண்கள் லாக்கப்பில். எத்தனை விடியற்காலை நீயும் நானும் போய் வாசலில் காத்திருந்திருக்கிறோம்? கலைந்த முடியை ரப்பர் பேண்டில் கட்டிக்கொண்டு வெளியே வந்து, "பசிக்குதுடா, ரொட்டி சானாய் வாங்கிக் கொடுங்க" என்பாரே. அந்த லாக்கப்பில்தான் அவர்கள் அக்காவின் பெயரைத் தெரிந்துகொண்டார்கள். நாங்கள் அதை நட்பு என்று எடுத்துக்கொண்டோம்.

அடுத்த வியாழக்கிழமை கூட்டம். 9 பேர். அக்காவை நடுவில் உட்காரவைத்து, பேச்சு முழுக்க இங்கிலீஷில் நடந்தது. அக்கா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் 6ஆம் வகுப்போடு நின்றவர். தமிழும் மலாயும்தான். அங்கே இருந்த 9 பேருக்கும் மலாய் தெரியும். பள்ளியில் மலாயில்தான் சோதனை எழுதினோம், தினமும் கடையில் மலாயில்தான் பேசுகிறோம். ஆனால் முக்கியமான விஷயம் என்று வந்ததும் யாரும் சொல்லாமலே இங்கிலீஷுக்கு மாறிவிட்டோம். நான் அக்காவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.

உன்னிடம் சொல்ல வேண்டியிருந்ததே இதுதான். ஒருவர், போலீசோடு உங்களுக்குத் தொடர்பு உண்டா என்று கேட்டார். உளவு சொல்வீர்களா என்கிற அர்த்தத்தில் கேட்டார். அப்படியே அக்காவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "அக்கா, போலீஸ்காரங்களத் தெரியுமான்னு கேக்கிறாங்க" என்று சொன்னேன். அக்கா சிரித்துவிட்டார். "தெரியாம? எல்லாப் பயலையும் தெரியும். எவன் எப்ப ரவுண்ட்ஸ் வருவான், எவன் கைய ஓங்குவான்னு எல்லாம் தெரியும்." நான் அவர்கள் பக்கம் திரும்பி, "ஆமாம், தெரியும் என்கிறார்" என்று இங்கிலீஷில் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

10 வருஷமாக டிவிக்கு வசன வரி எழுதுகிறேன். வரிக்கு இவ்வளவுதான் இடம் என்று வெட்டி வெட்டிப் பழகிய கை. கையை ஓங்குவான் என்ற பாதியை வெட்டிவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் நான் சொல்லி முடித்ததும் 9 பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதைக் கவனித்தேன். என்ன நினைக்கிறார்கள் என்று புரிந்தது. புரிந்த பிறகும் வாயைத் திறந்து திருத்தவில்லை. எனக்குள்ளும் அந்தச் சந்தேகம் இருந்தது, குணா. அக்கா சிரித்தது எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

40 நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிட்டது.

சுபாவைத் தொந்தரவு செய்தவன் விஷயத்தில் நாம் என்ன செய்தோம் என்று நினைத்துப்பார். சுபா சொன்னதை நம்பினோம், அது சரிதான், இன்றும் சரி என்றுதான் சொல்வேன். முறையிடுகிறவரைக் கேட்காமல் விட்டால் நம்மில் பலவீனமானவர்கள்தான் முதலில் சாவார்கள். ஆனால் அவனை வெளியே அனுப்ப 3 வாரம் எடுத்தோம். 2 தடவை அவனைக் கூப்பிட்டுப் பேசினோம், அவன் எழுதிக் கொடுத்ததைப் படித்தோம், அன்று கூட இருந்தவர்களை விசாரித்தோம். அவனுக்குக் கார் இருந்தது, இங்கிலீஷ் இருந்தது, வக்கீல் அண்ணன் இருந்தான். அக்காவின் விஷயத்தில் முறையிட்டவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. எங்கள் பயம் மட்டும்தான் இருந்தது. அது யார் மேல் லேசாக ஒட்டுமோ அவர் மேல் ஒட்டிவிட்டது.

இதைப்பற்றி ராத்திரி ராத்திரியாக யோசிக்கிறேன். 2011 நவம்பரில் நம் போன்றவர்களின் உரிமைக்காக நடந்த செக்சுவாலிட்டி மெர்டேக்கா விழாவைப் போலீஸ் தடை செய்தது. அதற்கு முன் 2008இலிருந்து பேச்சு, நாடகம், கண்காட்சி என்று வெளியே நடந்தது, தெரியாதவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். அதற்கப்புறம் எல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டது. வீடு என்றால் ஒருவருடைய வீடு. அவருடைய வாடகை, அவருடைய பக்கத்து வீட்டுக்காரர்கள், அவருடைய வேலை. அவர் பயந்தால் எல்லாரும் பயப்பட வேண்டியிருக்கிறது. யாரை உள்ளே விடுவது என்ற கேள்வி வந்ததும், கதவைத் தட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற ஆள் யாரோ அவர்தான் முதலில் வெளியே நிற்கிறார். அக்கா லிஃப்டில் ஏறினாலே பார்ப்பார்கள். அக்கா சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சட்டை பேண்டில் வந்து உள்ளே மாற்றிக்கொண்ட நாள்கள் உண்டு. எங்களுக்காகத்தான் அப்படி வந்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

2014 நவம்பர் நினைவிருக்கிறதா? நெகிரி செம்பிலானைச் சேர்ந்த 3 மாக் ஞா, அதாவது மலாய்த் திருநங்கைகள், போட்ட வழக்கில், பெண் உடை உடுத்துவதைக் குற்றமாக்கும் ஷரியா பிரிவு செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன நாள். அக்கா பிரிக்ஃபீல்ட்ஸில் 1 கிலோ லட்டு வாங்கிக்கொண்டு வந்தார். "அந்தச் சட்டம் உங்களுக்குக் கிடையாதேக்கா" என்று நீ கேட்டாய். "எம் புள்ளைங்களுக்கு இருக்கே" என்றார், மகள்களாக ஏற்றுக்கொண்ட இளைய திருநங்கைகளைச் சொன்னார். 2015 அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றம், வழக்கு போட்ட முறையே சரியில்லை என்று அந்தத் தீர்ப்பைத் தள்ளியபோதும் அக்காதான் அழுதார். 2017 பிப்ரவரியில் குவாந்தானில் திருநங்கை சமீரா கொல்லப்பட்ட செய்தி வந்த இரவு, ஒவ்வொருத்திக்கும் ஃபோன் போட்டு வீடு சேர்ந்தாயா என்று கேட்டார். அதே வருஷம் ஜூனில் உங்கள் பினாங்கில் 18 வயதுப் பையன் நவீன் தாக்கப்பட்டு இறந்தபோது, உன் பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொல்லி நீ அழுத அந்த ஃபோனை முதலில் எடுத்தது யார்? அப்படிப்பட்டவரைத்தான் துரோகி என்றோம்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன மாதம் உண்மை தெரிந்துவிட்டது.

அந்த வீட்டுக்காரர் மெல்பர்னுக்குக் குடிபோகிறார். சாமான்களை ஒழிக்க உதவப் போனேன். பால்கனியில், பழைய குடைகள் போட்டுவைக்கிற பாத்திரமாக அக்காவின் அண்டா நின்றது. தலைகீழாகக் கவிழ்த்ததும் தண்ணீரும் துருப்பிடித்த குடைக் கம்பியும் கொட்டின. விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர் அப்படியே இருக்கிறது: மு. அஞ்சலை. அதைத் தூக்கிக்கொண்டு கீழே வந்து, வெளியே எடுத்துப் போகும் சாமான் என்று காவலர் மேசையில் கையெழுத்துப் போடும்போது, அந்த நேப்பாளக் காவலர் அண்டாவைப் பார்த்துச் சிரித்து, அன்றைக்கு எனக்கும் ஒரு தட்டுச் சோறு வந்தது என்றார் மலாயில். அப்படியே போலீஸ் வந்த கதைக்குப் பேச்சு போயிற்று. அவர் குனிந்து மேசைக்கு அடியிலிருந்து பழைய நோட்டை எடுத்துப் புரட்டினார். நீல மையில், கோணல் எழுத்து: 10.25, 15வது மாடி, சத்தம், கரோக்கே. அடுத்த வரி 10.40, அதே வீடு, போலீசைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேல் மாடிக்காரர், குணா. கைக்குழந்தை தூங்கவில்லையாம்.

"என்னிடம் யாருமே கேட்கவில்லையே" என்றார் காவலர். அவர் அதை ஒரு குறையாகக்கூடச் சொல்லவில்லை. நான் அங்கேயே அண்டாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று இரவே அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, 3 மொழியிலும் எழுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நான் பாதியை மொழிபெயர்க்காமல் விட்டதையும் எழுதினேன். 31 பேர் இருக்கிற குழு. 2 பேர் உடைந்துபோய் எழுதினார்கள், அதில் ஒருவர் அன்று படியில் ஓடியவர். மற்றவர்கள் படித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். நம் மூக்குக் கண்ணாடிக்காரர்தான் நீளமாகப் பதில் போட்டிருக்கிறார்: அந்த நேரத்தில் எல்லாரும் அதிர்ச்சியில் இருந்தோம், பழசைக் கிளறினால் குழு உடைந்துவிடும் என்று. அக்காவை வெளியே தள்ளிய அன்றே உடைந்துவிட்டது என்று பதில் எழுதினேன். கோபத்தில்தான் எழுதினேன், ஆனால் எடுக்கமாட்டேன்.

குழுவுக்குள் திருத்தினால் போதாது என்பதுதான் என் கவலை. அந்தப் பேச்சு சௌக்கிட்வரை போய்விட்டது. அக்காவோடு அறையைப் பங்குபோட்ட பெண் மறு வாரமே பெட்டியைக் கட்டினாள். ஆஸ்பத்திரி நாளில் காரில் ஏற்றிப்போகும் தம்பி நின்றுவிட்டான். தனியாகப் போக அலுத்து, அக்கா 2 தடவை கால் புண்ணுக்கு மருந்து கட்டவே போகவில்லை. மகள்களில் ஒருத்தி தெருவில் எதிரே வந்தும் பேசாமல் போனாளாம்.

போன ஞாயிறு பார்க்கப் போனேன். செந்தூலில் ஒரு பூக்கடையில் உட்கார்ந்து கட்டுகிறார், முழக் கணக்கில் கூலி. நோட்டு, மேல் மாடி, நான் சொன்ன மொழிபெயர்ப்பு, ஒன்றையும் விடாமல் சொன்னேன். கை நிற்கவில்லை. இரண்டு மல்லிகை, ஒரு சுற்று, ஒரு இழுப்பு. நான் முடித்த பிறகு நாரைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "நான் சொன்னத நீ முழுசா சொல்லலியா?" என்றார். இல்லைக்கா என்றேன். "அதான் அப்படிப் பாத்தாங்களா. நான் என்ன தப்பாச் சொன்னேன்னு ஒரு வருஷமா யோசிச்சிட்டிருந்தேன்."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்து உன் அம்மாவை விசாரித்தார். அப்புறம், "என் அண்டா எங்க?" என்றார்.

அண்டா என் வீட்டில் இருக்கிறது. புளி போட்டு 2 நாள் தேய்த்தேன், வெளிப்பக்கம் பளிச்சென்று வந்துவிட்டது. உள்ளே ஈயம் கறுத்துத் திட்டுத் திட்டாக உரிந்திருக்கிறது, அப்படியே சமைக்க முடியாது. இங்கே 4 பாத்திரக் கடையில் கேட்டேன், ஈயம் பூசுகிற ஆள் இப்போது இல்லை என்கிறார்கள். ஜோர்ஜ்டவுன் லிட்டல் இந்தியாவில் உனக்குத் தெரிந்த பாத்திரக்காரர் யாராவது இருந்தால் விசாரி. இருந்தால் ரயிலில் நானே எடுத்துக்கொண்டு பட்டர்வொர்த் வருகிறேன், நீ ஃபெரிக்கு இந்தப் பக்கம் வந்து நில், தனியாகத் தூக்க முடியாது.

முடிந்ததும் நீயும் என்னோடு கோலாலம்பூர் வர வேண்டும். 2 நாள் அம்மாவைத் தங்கச்சி பார்த்துக்கொள்ளட்டும். அண்டாவைக் கொடுத்துவிட்டு, அந்த மகள்கள் இருக்கிற ஒவ்வொரு அறைக்கும் போய், நடந்ததைத் தமிழிலும் மலாயிலும் சொல்ல வேண்டும். நான் மட்டும் போனால் கேட்பார்களா தெரியவில்லை. நீ சொன்னால் கேட்பார்கள். என் மேல் கோபம் இருந்தால் ரயிலில் வைத்துத் திட்டு, 4 மணி நேரம் இருக்கிறது.

அக்காவின் புது நம்பரைத் தனியாக அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்ததும் முதலில் அவரைக் கூப்பிடு, என்னை அப்புறம் கூப்பிடலாம். சாயங்காலம் 6 மணிக்கு மேல் கூப்பிடு. அதற்கு முன் கையெல்லாம் பூவாக இருக்கும், எடுக்கமாட்டார்.

அம்மாவிடம் கேட்டதாகச் சொல்.

உன்,
தேவா