செயலாளரின் ஆண்டறிக்கை: தரவு அறிவியல் துணைவகுப்பின் முதல் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, குடும்ப நாள், ரத்த தானம் மூன்றும் வழக்கம்போல் சிறப்பாக நடந்தன. விவரங்கள் இணைப்பில் உள்ளன. கணக்கைப் பொருளாளர் படிப்பார். எனக்குத் தரப்பட்ட நேரத்தை, பலதுறைத் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்காக நாம் தொடங்கிய தரவு அறிவியல் துணைவகுப்பைப் பற்றிப் பேசவே எடுத்துக்கொள்கிறேன்.

திரட்டிய தகவல்களை ஆராய்ந்து விடை காணும் தரவு அறிவியல் இனிக் கணினித்துறை மாணவர்களுக்கு மட்டும் உரியதன்று. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024இல் கணிமைக்கும் தரவு அறிவியலுக்கும் தனிக் கல்லூரியே அமைத்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தரவைக் கொண்டு சிந்திக்கக் கற்பிக்கும் பொதுப்பாடம், கலைத்துறை மாணவர்களையும் விடுவதில்லை. சென்ற பொதுக்கூட்டத்தில் ஒரு தாயார் எழுந்து, "இலக்கியம் படிக்கப் போன என் மகள் புள்ளியியலை வைத்துக்கொண்டு அழுகிறாள், சங்கம் ஏதாவது செய்யக்கூடாதா?" என்று கேட்டார். வகுப்பு அந்தக் கேள்வியில் பிறந்தது.

தொடக்கம் சரியாக அமையவில்லை. முதல் நான்கு வாரங்களைப் பைத்தான் என்ற நிரல்மொழியை நிறுவுவதிலும் கட்டளைகளை ஒப்பிப்பதிலும் கழித்தோம். ஐந்தாம் வாரம் பாதி நாற்காலிகள் காலி. பாடத்திட்டத்தை வகுத்தவன் நான். அந்தப் பிழைக்கு நானே பொறுப்பு. பல்கலைக்கழகத்தில் எதைக் கேட்டு மிரண்டார்களோ அதையே நாமும் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அன்று மாலை மடிக்கணினிகளை மூடி வைக்கச் சொன்னோம். பாடம் எடுத்த தொண்டூழியர், 2016இல் சிங்கப்பூரின் வட்டப்பாதை ரயில்கள் காரணம் தெரியாமல் நின்ற கதையைச் சொன்னார். சமிக்ஞைத் தொடர்பு அறுந்ததும் ரயில்கள் அவசரமாக நின்றுவிடும். எந்த நேரம், எந்த இடம், எந்த ரயில் என்று பிரித்துப் பார்த்தும் பிடி கிடைக்கவில்லை. அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக்கின் தரவு அறிவியலாளர்கள் ஓர் அச்சில் நேரத்தையும் மறு அச்சில் நிலையங்களையும் வைத்துப் புள்ளிகளைக் குறித்தார்கள். தொண்டூழியரும் வெண்பலகையில் மாதிரிப் புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்தார். பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் விழுந்ததும் பின்வரிசை மாணவர் ஒருவர், "சாய்வாக ஒரு கோடு போகிறது, அண்ணா!" என்றார். அதேதான். நின்ற ரயில்களுக்கு எதிர்த்திசையில் ஏதோ ஒன்று கடந்து போயிருக்கிறது. பிவி46 என்ற அந்த ரயில் மற்றவற்றின் சமிக்ஞைத் தொடர்பைக் குலைத்து அவற்றை நிறுத்தியதே தவிர, தான் நின்றதில்லை. ஆகவே பாதிக்கப்பட்ட ரயில்களின் பட்டியலில் அது தென்படவே இல்லை. நிலையங்களில் ரயில்கள் வந்துபோன காணொளிப் பதிவுகளைப் பார்த்துத்தான் அதை அடையாளம் கண்டார்கள். அன்று எட்டரை மணிக்கு வகுப்பு முடிந்தும் யாரும் எழுந்து போகவில்லை.

அதன்பின் முறையையே மாற்றினோம். முதலில் கேள்வி, அடுத்துக் கையால் வரைந்த படம், கடைசியில்தான் நிரல். 1990 முதல் பதிவாகியுள்ள வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளின் மறுவிற்பனை விலைகள் அரசாங்கத் தரவுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன; அவற்றையே பயிற்சிக்கு எடுத்தோம். நகரத்துக்கு அருகிலுள்ள அங் மோ கியோவைவிடத் தொலைவிலுள்ள பொங்கோலில் சராசரி விலை கூடுதல் என்று கண்ட மாணவி ஒருவர், நகரத்திலிருந்து தள்ளி வாழவே மக்கள் விரும்புகிறார்கள் என்று எழுதி வந்தார். வீட்டு முகவராக இருந்து ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர் அதைப் படித்துவிட்டு, "பொங்கோல் வீடுகள் புதியவை அம்மா. 99 ஆண்டுக் குத்தகையில் எத்தனை மிச்சம், எத்தனை அறை என்று பிரித்தாயா?" என்றார். அந்த மாணவி இரண்டு வாரம் உட்கார்ந்து பிரித்தார். தம் முடிவைத் தாமே திரும்பப் பெற்றார். அவருடைய இரண்டாவது கட்டுரையை வாசலில் ஒட்டியிருக்கிறோம், போகும்போது படியுங்கள்.

தமிழை வைத்தும் ஒரு வகுப்பு நடந்தது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 5 என்கிறது. நமக்கோ மூன்றெழுத்து. 'மி'யில் மகரமும் இகரக் குறியும் தனித்தனி, 'ழ்'இல் ழகரமும் புள்ளியும் தனித்தனி என்று, கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் முறையான யூனிகோடு கணக்கிடுவதே காரணம். எழுத்தை எண்ணும் நிரலைத் திருத்தி எழுதியவர், ஆண்டு முழுவதும் வாய் திறக்காத முதலாண்டு மாணவர். தேசியக் கல்விக் கழகத்தில் கற்பித்துக்கொண்டே கணினித் தமிழுக்கு உழைத்த நா. கோவிந்தசாமியைப் பற்றியும், 1997இல் இதே சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாட்டைப் பற்றியும் அன்றுதான் பலர் முதன்முதலாகக் கேள்விப்பட்டார்கள். அது எனக்கு வருத்தமாகவே இருந்தது. வரும் ஆண்டில் அதற்கென ஒரு மாலையை ஒதுக்கியிருக்கிறோம்.

வகுப்புக்கு இடம் தந்த சமூக மன்றத்துக்கு நன்றி. வேலை முடிந்து உணவுகூட எடுக்காமல் ஓடிவந்த தொண்டூழியர்களுக்குச் சங்கம் கடன்பட்டிருக்கிறது. இப்போதுள்ள மூவரில் ஒருவர் வேலை நிமித்தம் வெளிநாடு செல்கிறார். புள்ளியியல் தெரிந்த ஒருவர் செவ்வாய் மாலைகளுக்கு உடனே தேவை. கணினி அறிந்தவராக இல்லாவிட்டாலும் மருத்துவமனை, துறைமுகம், போக்குவரத்து என்று எந்தத் துறையில் பணியாற்றியிருந்தாலும் ஒரு மாலை வந்து உங்கள் துறையின் எண்களைப் பற்றிப் பேசுங்கள். பெயர் கொடுப்பதற்கான தாள் தேநீர் மேசையில் இருக்கிறது.

இவ்வறிக்கையை அவையின் ஏற்புக்காக முன்வைக்கிறேன்.

செயலாளர்