தொடக்கநிலை ஆங்கிலப் பாடநூல் ஆக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூலாக்கக் குழுவினருக்கு,

வணக்கம். ஆங்கிலம் அறவே தெரியாத பெரியவர்களுக்குப் பல ஆண்டுகளாக மாலை வகுப்பு எடுத்துவருபவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். உங்கள் நூல்களில் படங்கள் தெளிவாக இருக்கின்றன, பயிற்சிகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் முதல் பக்கத்தைத் திறந்ததும் மாணவரின் கண்ணில் படுவது, படித்துப் பொருத்தச் சொல்லி ஆங்கிலத்திலேயே எழுதப்பட்ட ஒரு கட்டளை. அதை வாசித்துப் பொருள்கொள்ளத் தெரிந்தவருக்கு அந்தப் பயிற்சியே தேவைப்படாது. பயிற்சியைவிடக் கட்டளை கடினமாக இருக்கும் நூலைத் தொடக்கநிலை நூல் என்று எப்படி அழைப்பது?

அட்டையில் 'ஏ1' என்று அச்சிடுகிறீர்கள். ஐரோப்பியப் பேரவை 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் சட்டகத்தின்படி, தம்மை அறிமுகம் செய்துகொள்வதும், வசிக்கும் இடம் போன்ற எளிய செய்திகளைக் கேட்டுச் சொல்வதும் ஏ1 நிலையை எட்டியவர் செய்யக்கூடியவை. அதற்கும் கீழே ஒரு படி உண்டென்று கண்டு, 2018-இல் வந்த துணைத்தொகுதியில் ஏ1-க்கு முந்தைய நிலைக்கும் அப்பேரவை விளக்கங்களைச் சேர்த்தது. என் வகுப்பில் அமர்ந்திருப்பவர்கள் அந்தக் கீழ்ப்படியில் நிற்பவர்கள். உங்கள் நூல் அவர்களை இரண்டாம் படியிலிருந்து அழைக்கிறது.

எழுத்துகளிலிருந்து தொடங்குகிறேன். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு, எழுத்தின் பெயரைச் சொன்னாலே அதன் ஒலி வந்துவிடும் என்பது பழகிப்போன உண்மை. ஆங்கிலத்தில் அப்படி இல்லை என்பதை உங்கள் நூல் எங்குமே சொல்வதில்லை. 26 எழுத்துகளின் பெயர்களை வரிசையாக ஒப்பிக்கவைத்துவிட்டு, அடுத்த பக்கத்திலேயே சொற்களை வாசிக்கச் சொல்கிறது. "சி, ஏ, டி என்று கூட்டினால் 'சியேட்டி' என்றுதானே வரவேண்டும், 'கேட்' எங்கிருந்து வந்தது?" என்று ஒரு மாணவர் என்னைக் கேட்டார். முற்றிலும் நியாயமான கேள்வி அது. எச், டபிள்யூ, ஒய் ஆகியவற்றின் பெயர்களிலோ அவை பொதுவாகச் சொல்லில் தரும் ஒலியே இல்லை. எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n) என்ற ஆறு எழுத்துகளின் ஒலிகளை மட்டும் முதலில் தந்தால், சிட், பின், டின், டிப் என்று முதல் வாரத்திலேயே மாணவர் தாமாகச் சொற்களை வாசிக்க முடியும். அகரவரிசையை அகராதி பார்க்கும் காலத்தில் கற்றுக்கொள்ளட்டும்.

ஒலிகளைப் பொறுத்தவரை, மாணவரிடம் ஏற்கெனவே இருப்பதை நீங்கள் கண்டுகொள்வதே இல்லை. தமிழருக்கு ஆங்கிலத்தின் p, b என்ற இரண்டு 'பி' ஒலிகளையும் வேறுபடுத்த வராது என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். 'பாம்பு' என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் பகரம் ஒருவிதமாகவும் மகரத்தை அடுத்து வரும் பகரம் வேறுவிதமாகவும் ஒலிக்கிறது. நம் வாய் இரண்டையும் அறியும், ஒரே எழுத்தாக எழுதுவதால் செவிதான் அவற்றைப் பிரித்துக் கேட்பதில்லை. 'காகம்', 'தங்கம்' என்ற சொற்களும் இதற்கு உதவும். இந்த ஒரு விளக்கத்தைத் தமிழில் கொடுத்த பிறகு, அரை மணி நேரத்தில் பலர் வேறுபாட்டைப் பிடித்துக்கொள்வதை நான் வகுப்பில் கண்டிருக்கிறேன். ஆங்கில வகுப்பில் தாய்மொழிக்கு இடமில்லை என்ற கொள்கையை வைத்துக்கொண்டு இதை எப்படி விளக்குவது?

இலக்கணத்திலும் இதே கதைதான். 'அவர் ஆசிரியர்' என்று தமிழில் வினை இல்லாமலே வாக்கியம் முடிந்துவிடுகிறது. ஆகவே 'ஹீ டீச்சர்' என்று மாணவர் சொல்வது அறியாமையால் வருவதன்று, தம் மொழியின் ஒழுங்கை நம்புவதால் வருவது. உங்கள் நூலோ 'இஸ்' என்றால் 'இருக்கிறது' என்று ஒற்றைச் சொல்லில் பொருள் தந்துவிட்டு நகர்கிறது. பிறகு 'எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்' என்பதைச் சொல்ல வரும்போது, அங்கே 'ஹேவ்' வேண்டும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நாம், நாங்கள் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல், நீ, நீங்கள் இரண்டுக்கும் ஒரே சொல் என்று சொன்னால், இந்த மொழி சில இடங்களில் நம்முடையதைவிட எளிது என்று சிரித்துக்கொள்வார்கள்.

படர்க்கை ஒருமை வினையின் ஈற்றில் வரும் 'எஸ்' பற்றியும் சொல்லவேண்டும். உங்கள் நூல் அதை மூன்றாம் பாடத்தில் வைத்து, நான்காம் பாடத்தில் தேர்வும் வைக்கிறது. ஸ்பானியமும் சீனமும் பேசும் குழந்தைகள் ஆங்கிலம் கற்கும் முறையை ஆராய்ந்த டூலே, பர்ட் இருவரும் 1974-இல் வெளியிட்ட முடிவுகளில், பிந்திப் படியும் கூறுகளுள் ஒன்றாக இருந்தது இந்த 'எஸ்'. அதே ஆண்டில் பெரியவர்களை ஆராய்ந்தவர்களும் ஏறத்தாழ அதே வரிசையைக் கண்டார்கள். விதியைச் சொல்லித்தருவது ஒன்று, அது பேச்சில் தானாக வருவது வேறு. பல மாதம் கழித்துப் படியவேண்டிய ஒன்றுக்காக முதல் மாதத்திலேயே சிவப்பு மையில் மதிப்பெண் குறைக்கும்போது, வேலை முடித்துக் களைத்து வந்து அமர்ந்திருக்கும் ஒருவர் அடுத்த வாரம் வராமல் போகிறார்.

எனவே கட்டளைகளைத் தமிழில் அச்சிடுங்கள். தொடக்கப் பாடங்களில் மாணவர் கேட்கவும், கேட்டபடி செய்துகாட்டவும், முழுத் தொடர்களை அப்படியே சொல்லவும் இடம் கொடுங்கள். இலக்கணக் கலைச்சொற்களைத் தள்ளிவையுங்கள். அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகுமுன், முதல் மூன்று பாடங்களை ஆங்கில எழுத்தே அறியாத ஒருவர் கையில் கொடுத்துவிட்டு அருகில் பேசாமல் அமர்ந்திருங்கள். எந்த வரியில் அவர் தலை நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாரோ, அந்த வரி திருத்தப்படவேண்டியது. இதற்கு உடன்படுவார்களா என்று என் மாணவர்களிடம் கேட்டேன். எட்டுப் பேர் ஆயத்தமாக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு ஆசிரியன் ஒருவன்